வரவேற்பு அக்காவின் முதல் கேள்வி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு இயந்திரம். மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்குப் பொருந்தும்படி வில்லையின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பது அதன் வேலை. தண்ணீர் சொட்டச் சொட்ட அது போடுகிற கூச்சல் இருக்கிறதே, பக்கத்தில் நின்றால் சொந்தப் பெயரே மறந்துபோகும். அந்தக் கூச்சலுக்கு நடுவே பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பைப் ஆர்கன் கேட்கிறாள். ஆயிரக்கணக்கான குழாய்களோடு ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிற வாத்தியம் அது. "உன் காத்து மெஷின்" என்பார் பஸ் ஓட்டும் அவள் கணவர்.

இந்த வாத்தியத்தின் மேல் பைத்தியமானவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. அதில் அவளுக்கு 'வரவேற்பு அக்கா' என்று பெயர். புதிதாக யார் வந்தாலும் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்து வருவாள். எந்தப் பதிவை முதலில் கேட்பது, குழாய்க்குள் காற்று எப்படிப் போகிறது, எதைக் கேட்டாலும் சலிக்காமல் எழுதுவாள். கடையில் வாடிக்கையாளரிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி முதலாளி கெஞ்ச வேண்டும். இங்கே மட்டும் வாய் ஓயாது.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வருகிறவர் எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். "முதல் முதலா நேர்ல கேட்ட ஆர்கன் எது? எங்க உட்கார்ந்து கேட்டீங்க?" ஆறு வருஷத்துக்கு முன்னால் இதை எழுதி வைத்ததே அவள்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் ஒரு ஆர்கனைக்கூட நேரில் கேட்டதில்லை. பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் பெரிய நகரத்து அரங்கில் ஒன்று இருக்கிறது. ஒருமுறை போனபோது பழுதுபார்க்கிறோம் என்று பூட்டியிருந்தார்கள். அப்புறம் மகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் கால் முறிவு, அது இது என்று தள்ளிப்போய், அதற்குள் இவள் குழுவில் பெரிய ஆளாகிவிட்டாள். கேள்வியை நாமே கேட்டுவிட்டால் நம்மை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? சாமர்த்தியம்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே ஃபோனைப் பார்த்தாள். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் ஒருவர் இரண்டு நாள் முன்பு சேர்ந்திருந்தார். நல்ல நல்ல சந்தேகமாகக் கேட்ட மனிதர். இப்போது அவளுக்குத் தனியாக எழுதியிருந்தார்.

"அக்கா, அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ஃபோன்ல கேக்கறதோட சரி. இது நேர்ல கேட்டவங்களுக்கான இடம் போல. நான் கிளம்பறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

டப்பாவை மூடி வைத்தாள். உறுப்பினர் பட்டியலைத் திறந்தாள். அந்த வருஷம் சேர்ந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் முப்பத்தொரு பேர் கேள்விக்குப் பதிலே எழுதாமல் சத்தமில்லாமல் போயிருந்தார்கள். வேலை அதிகமாயிருக்கும், ஆர்வம் விட்டுப்போயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வாங்க வாங்க என்று கூப்பிட்டவளே கதவையும் சாத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் தங்குவார். ஆனால் அவள் கதி? குழுவில் ஒரு சுருதிக்காரர் இருக்கிறார், ஆர்கன்களுக்குச் சுருதி சேர்ப்பதே பிழைப்பாகக் குழாய்களுக்கு நடுவே தவழ்கிறவர். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் எழுதினால் அவள் அதை நாலு தடவை படிப்பாள். அவர் முகத்தில் எப்படி முழிப்பது? அவளை ஒரு பொருட்டாக மதிக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் எல்லோரும் பார்க்கும்படியே போட்டுவிட்டாள். "நானும் நேர்ல கேட்டதில்ல. ஒரு தடவைகூட இல்ல. ஆறு வருஷமா மறைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க. பார்சல்காரரே, நீங்க போகாதீங்க."

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ஒரு வில்லையைக் கோணலாகத் தேய்த்துத் தொலைத்தாள். சாயங்கால டீக்குத்தான் ஃபோனைத் தொடும் தைரியம் வந்தது.

ஒரு பல் டாக்டர் எழுதியிருந்தார்: "மூணாவது வரிசைல உட்கார்ந்து கேட்டேன்னு போட்டிருந்தேனே, அது சுத்தப் புளுகு." அவருக்குக் கீழே இன்னும் ஏழு பேர் தங்கள் குட்டைத் தாங்களே உடைத்திருந்தார்கள். எல்லோருக்கும் கீழே சுருதிக்காரர்.

"எனக்கு எப்பவோ தெரியும்மா. இருக்கிறதுலயே பெரிய, கீழ்ச்சுருதிக் குழாயோட சத்தம் காதுல தெளிவா விழுதுன்னு ஒரு தடவை எழுதினீங்க. பக்கத்துல இருந்தவங்க அப்படி எழுத மாட்டாங்க. அது காதுல விழறதைவிட உட்கார்ந்திருக்கிற பெஞ்சுலதான் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா நீங்க போயிடுவீங்க. அப்புறம் புதுசா வர்றவங்களை யார் பார்த்துப்பா? சரி, சனிக்கிழமை காலைல அந்தப் பெரிய நகரத்து அரங்குல எனக்கு வேலை. நான் குழாய்களுக்குள்ள இருப்பேன். வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையா அழுத்த ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வர்றேன்" என்று எழுதினாள். பழைய கேள்வியை எடுத்துவிட்டு, "எதுல வேணா கேளுங்க, பிடிச்சதைச் சொல்லுங்க" என்று போட்டாள். போய்விட்ட முப்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பார்சல்காரரிடமிருந்து உடனே பதில் வந்தது. "அந்த அரங்கா? அது எங்க ஊருதான். அங்க பத்து தடவை பார்சல் கொடுத்திருக்கேன், வாசலோட திரும்பிடுவேன். நானும் வரலாமாக்கா?"

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், "அந்த ஊருக்குத்தானே, என் பஸ்லயே வா," என்றார் கணவர். "ஆனா டிக்கெட் எடுக்கணும்."

சனிக்கிழமை காலை, காலியான அரங்கில், வாத்தியத்தின் முன் பலகையில் உட்கார்ந்தாள். குழாய்க் கூட்டத்துக்குள்ளிருந்து சுருதிக்காரர் "அடுத்தது" என்பார். ஒரு கட்டை தள்ளி அழுத்துவாள். இரண்டு மணி நேரம் இதே பாடு. கடைசியில், அந்தப் பெரிய குழாய்க்கான, காலால் மிதிக்கும் அடிக்கட்டை. மிதித்தாள். ஒன்றும் கேட்கிற மாதிரி இல்லை. தப்பாக மிதித்துவிட்டோமோ என்று காலை எடுக்கப் போனாள்.

"அக்கா," என்றார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பார்சல்காரர், மெதுவாக. "பெஞ்சு நடுங்குதுக்கா."

அவள் உட்கார்ந்திருந்த பலகையும் நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சுருதிக்காரர் "போதும்மா, எடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அவள் காலை எடுக்கவில்லை.