உதடு ஒட்டாத சொல்

பல்லிடுக்கில் இரண்டு மூன்று குண்டூசிகளைக் கடித்துக்கொண்டுதான் டெய்லர் வாடிக்கையாளர்களிடம் பேசுவார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். காதோரம் ஒரு நீல சாக்பீஸ் துண்டு. "எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால், மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமலே "நாளைக்கு" என்பார். சொல்லிப் பாருங்கள். 'நாளைக்கு' என்பதற்கு உதடும் உதடும் ஒட்ட வேண்டியதில்லை. 'முடிஞ்சுது' என்றால் முதல் எழுத்திலேயே ஒட்டியாக வேண்டும், ஊசி குத்தும். 'முடியாது', 'மாட்டேன்' எல்லாமும் அதே ஜாதிதான். அதனால் வருகிற துணி எதையும் அவர் வேண்டாமென்று சொன்னதில்லை. வாங்கிய துணி எதையும் சொன்ன நாளில் கொடுத்ததும் இல்லை.

சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. ஒரு தையல் இம்மி கோணினாலும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். மாடியில் வீடு, கீழே கடை. கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள். வேறு கண்ணாடி வாங்கச் சொன்னால், "வர்றவங்க சந்தோஷமா போகட்டுமே" என்பார்.

எதிரே பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல். அங்கே தலைமை நர்ஸாக இருக்கும் சிஸ்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் இவர் தைத்தவைதான். பழக்கம் தொடங்கியதும் ஊசியால்தான். இளவட்டமாக இருந்தபோது ஒருநாள் மிஷின் ஊசி விரலில் ஏறி முறிந்துவிட்டது. விரலைப் பிடித்தபடி ரோட்டைக் கடந்து ஓடினார். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த சிஸ்டர், முறிந்த துண்டை நோகாமல் எடுத்துவிட்டார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த டெய்லர், தடுப்பூசி போட சிஸ்டர் சிரிஞ்சைக் கையில் எடுத்ததும் எழுந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"யோவ், பகல் பூரா ஊசியோட குடும்பம் நடத்தற ஆளு, இதுக்கா இப்படி நடுங்கறே?"

வார்டே சிரித்தது. சட்டைக் கையைச் சுருட்டி அவரைப் பிடித்து உட்காரவைக்க இரண்டு ஆட்கள் வர வேண்டியிருந்தது.

அதை சிஸ்டர் மறக்கவில்லை. கோட்டு தாமதமாகும் போதெல்லாம் வாசற்படியில் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். "யோவ் டெய்லர்! நாளைக்கு என் கோட்டு வரலை, ஒரே ஒரு ஊசிதான். அப்படியே தூங்கிடுவே. மாரடைப்புன்னு எழுத வச்சுடுவேன், ஒருத்தருக்கும் தெரியாது." முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இருக்காது. பக்கத்து போட்டோ ஸ்டுடியோக்காரர் தலையை மட்டும் நீட்டி, "சிஸ்டர், போடறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுங்க. நல்லதா ஒரு போட்டோ எடுத்து வச்சுடறேன்" என்பார். சைக்கிள் கடைக்காரர் பம்பை அப்படியே விட்டுவிட்டு, "அய்யய்யோ, அப்ப என் பேன்ட்டு?" என்று கத்துவார். தெருவே ஒரு வீடு மாதிரி இருந்த காலம் அது. நினைத்தால் டெய்லருக்கு இன்றைக்கும் நெஞ்சு இனிக்கிறது. நினைத்து முடித்ததும் கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

ஸ்டுடியோக்காரர் மகள் வீட்டோடு போய்விட்டார். சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஸ்டுடியோவில் இப்போது டிக்கெட் புக்கிங் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. அங்கே புதிதாக வேலைக்கு வந்த பெண் நல்ல பெண். பலகை வழியாகக் குரல் போகும், இத்தனை வருஷப் பழக்கம் போகுமா? சிஸ்டர் வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் ஊசி, தூக்கம், மாரடைப்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் நடுங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்துவிட்டாள். செய்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு டெய்லரிடம் ஓடி வந்தாள்.

"அண்ணா, பயப்படாதீங்க. மேலிடத்துல சொல்லிட்டேன். இனிமே அந்தம்மா உங்க பக்கமே வர மாட்டாங்க."

டெய்லருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயிலிருந்த ஊசிகள் மிஷின் மேல் உதிர்ந்தன. அவளைத் திட்டவும் மனம் வரவில்லை. அவள் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

ஊசி போட்டுக் கொல்வேன் என்று சொன்ன நர்ஸை எந்த ஆஸ்பத்திரி வார்டில் விடும்? விசாரணை முடியும்வரை சிரிஞ்சைத் தொடக் கூடாது என்று சொல்லி, சிஸ்டரைத் துணிக் கிடங்கில் போர்வை மடிக்க உட்காரவைத்துவிட்டார்கள். ஓய்வு பெறப் போகிற நேரம். ஆயுசு முழுக்க நோயாளிகளைத் தேற்றிய மனுஷி, கொலைகாரி என்ற பேச்சோடு வீட்டுக்குப் போவதா? டெய்லருக்கு ஆறவில்லை. அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்ட அன்று, தனக்கென்று தைத்துக்கொண்ட ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"அங்கே போயும் 'நாளைக்குச் சொல்றேன்'னு சொல்லிட்டு வந்துடாதீங்க" என்றாள் மனைவி.

நிர்வாக அதிகாரியின் அறையில் சிஸ்டர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இவங்க உங்களை மிரட்டினாங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமா சார்."

"ஊசி போட்டுக் கொன்னுடுவேன்னா?"

"ஆமா சார். எப்பவுமே அப்படித்தான் சொல்லுவாங்க." காலமெல்லாம் பொய்யிலேயே காலம் தள்ளிய வாய்க்கு, வேண்டாத இடத்தில் உண்மை வந்து தொலைத்தது.

"அப்புறம் ஏன்யா நீங்க யார்கிட்டயும் சொல்லலை?"

"தப்பு என் மேல சார். நான்தான் நாளைக்குன்னு சொன்னேன். அவங்க வந்தாங்க. மறுபடியும் நாளைக்குன்னேன். அவங்க விளையாட்டுக்குச் சொல்றதை நம்பி நான் ஒருநாளாவது சீக்கிரம் தைச்சிருந்தா, அது மிரட்டல்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். "பின்வாசல் டெய்லர் நீங்கதானா? என் மக பிறந்த நாள் கவுனை, கேக்கெல்லாம் தீர்ந்து தட்டு கழுவின பிறகு கொண்டாந்து கொடுத்தது நீங்கதானே?"

"கழுத்துல ஒரு சுருக்கம் விழுந்துடுச்சு சார். மனசு கேக்கலை, பிரிச்சுட்டேன்."

"குழந்தை அழுத அழுகை உனக்குத் தெரியுமாய்யா? அன்னைக்கு மட்டும் நீ என் கையில கிடைச்சிருந்தே, ஊசி என்ன ஊசி, அப்படியே கழுத்தைப் பிடிச்சு..."

அதிகாரி நிறுத்திக்கொண்டார். அந்தரத்தில் ஒரு கழுத்தைப் பிடித்தபடி நின்ற தன் இரண்டு கைகளையும் பார்த்தார். மூலையில் இருந்த கிளார்க் இருமுவதுபோல் சிரித்தார். கைகள் மெல்ல மேஜைக்கு இறங்கின.

"சரி, சிஸ்டர், வார்டுக்குப் போங்க. இனிமே மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்க."

அந்தக் கடைசி வார்த்தை சிஸ்டரைச் சுட்டுவிட்டது போலிருக்கிறது. அடுத்த முறை வந்தவர் படி ஏறவில்லை. டிக்கெட் ஆபீஸின் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு எப்ப வசதிப்படுமோ அப்ப குடுங்க டெய்லர்" என்றார். 'யோவ்' போய்விட்டது. 'உங்களுக்கு' வந்திருந்தது. டெய்லர் பதறிப்போய் அன்றைக்கே தைத்து முடித்துக் கொடுத்தார். "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார் சிஸ்டர்.

மாடியில் சோற்றுத் தட்டு அப்படியே இருந்தது. "கேட்ட அன்னைக்கே கொடுத்துட்டு, இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"நன்றின்னு சொல்லிட்டாங்கடி."

ஓய்வுக்கு முன்னால் சிஸ்டர் கடைசியாக ஒரு கோட்டுக்குத் துணி கொடுத்திருந்தார். விடைபெறும் நாளில் போட்டுக்கொள்ள. அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்கு வெள்ளைக் கோட்டும் வேண்டாம், பின்வாசலும் வேண்டாம், இந்தக் கடையும் வேண்டாம். ஒரு 'நன்றி'யோடு எல்லாம் முடிந்துவிடுமோ என்பதுதான் டெய்லரின் கவலை. கோட்டைத் தைத்து, பித்தான் கட்டி, இஸ்திரி போட்டு, அலமாரிக்குப் பின்னால் மாட்டிவைத்தார்.

மறுநாள் காலையில் சிஸ்டர் ரோட்டைக் கடப்பது தெரிந்ததும், ஊசி டப்பாவைத் திறந்து இரண்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார். மிஷினில் துணி இல்லை. வெறும் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

"டெய்லர், கோட்டு முடிஞ்சுதுங்களா?"

"நாளைக்கு."

சிஸ்டர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். திரும்பியவரின் கண் ஆளுயரக் கண்ணாடியில் விழுந்தது. அதில், அலமாரிக்குப் பின்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு கொஞ்சம் ஒல்லியாகத் தொங்கியது. கோட்டைப் பார்த்தார். துணியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த மிஷினைப் பார்த்தார்.

பிறகு படியேறி உள்ளே வந்தார். பக்கத்துக் கண்ணாடிக் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். வாய் திறக்கவில்லை. இல்லாத ஒரு சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டி, கட்டைவிரலை மெல்ல அழுத்தினார். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

டெய்லர் மிஷினை நிறுத்தினார். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். பிறகு இடது சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கையை நீட்டினார்.