தம்பிக்காக வெளியே நின்ற தலைவர்

திருக்கனூரில் பல் பரிசோதனை முகாமில் இருந்தபோது டாக்டர் ஸ்டெல்லாவின் தம்பி பீட்டர் அழைத்தார். “அக்கா போயிட்டாங்க டாக்டர். தூக்கத்துலயே.” பாகூரில் நெடுங்காலம் பல் மருத்துவராக இருந்தவரும் நம் சங்கத்தின் முதல் தலைவருமான டாக்டர் ஸ்டெல்லா மறைந்துவிட்டார். காத்திருந்தவர்களைப் பார்த்து முடித்த பிறகே கிளம்பினேன். பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

பல் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவை முறையாகக் கொண்டுவர லாப நோக்கமற்ற சங்கம் ஒன்று வேண்டும் என்று வில்லியனூரில் கூடினோம். எங்களுக்கெல்லாம் கருவிகள் மேல் ஆசை. விதிகளைப் பற்றிப் பேசியவர் அவர் மட்டுமே. “மெஷினு தப்பு பண்ணா நாம திருத்தலாம். நாமளே தப்பு பண்ணா யாருப்பா கேக்கறது?” என்றார். நிர்வாகிகளின் உறவினர் உருவாக்கிய மென்பொருள் பரிசீலனைக்கு வந்தால் அந்த நிர்வாகி அறையில் இருக்கக் கூடாது என்ற விதி அவர் கொண்டுவந்தது.

முதலில் அதில் சிக்கியவரும் அவர்தான். எக்ஸ்ரே படத்தில் சொத்தையைக் காட்டும் மென்பொருள் ஒன்றை உருவாக்கி, சங்கத்தின் பரிந்துரை கேட்டு வந்தார் அவருடைய தம்பி பீட்டர். துணைத் தலைவரான என்னிடம் கூட்டத்தை ஒப்படைத்துவிட்டு மேடம் வெளியே போனார். நாங்கள் சோதித்தபோது, மணப்பட்டு கிராமத்துப் பெரியவர்களின் தேய்ந்த பற்களில் இருந்த சொத்தையை அது தவறவிட்டிருந்தது. தலைவரின் தம்பியாயிற்றே என்று சிலர் தயங்கினார்கள். கடைசியில் நிராகரித்தோம்.

சொல்லப் போன என் முகத்தைப் பார்த்தார். “இன்னாப்பா, தள்ளிட்டீங்களா?”

“ஆமா மேடம்.”

“எங்க தப்புன்னு அவனுக்குத் தெளிவா சொல்லுங்க. அப்பதான் சரி பண்ணுவான்.”

பீட்டர் பல மாதம் அக்காள் வீட்டுப் பக்கம் போகவில்லை. “வருவான்” என்று மட்டும் மேடம் சொல்வார்; சொல்லும்போது கண் கலங்கும். ஒரு நாள் பீட்டர் அவருடைய கிளினிக்குக்கே வந்து நின்றார். நோயாளிகளின் சம்மதத்தோடு, தேய்ந்த பற்களின் படங்களை இருவரும் மாலைதோறும் உட்கார்ந்து பார்த்தார்கள். மென்பொருள் மறுபடி வந்தபோதும் மேடம் வெளியேதான் நின்றார். இம்முறை ஏற்றோம். செய்தி கேட்டதும் தம்பிக்குப் போன் போட்டார். “டேய், வூட்டுக்கு வா. வவ்வால் மீன் கொழம்பு வைக்கறேன்.”

பதவிக்காலம் முடிந்தபோது, விதியை மாற்றி அவரையே தொடரச் செய்யப் பலர் விரும்பினோம். “நா போனா வுழுந்துடும்னா, இத்தினி நாளா நா இன்னாத்த கட்டினேன்?” என்று சிரித்தார். அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பின் தலைவராக நான் கொண்டுவந்த முதல் தீர்மானத்தை எழுந்து எதிர்த்தவரும் அவரே. நோயாளிகளின் படங்களை வெளி நிறுவனங்களோடு பகிரலாம் என்பது தீர்மானம். “படம் அவங்களோடதுப்பா. அவங்கள கேட்டியா?” என்றார். தீர்மானம் தோற்றது. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, “பாகூர் வழியாத்தான போற? என்ன எறக்கி வுட்டுடு” என்றார். வழி நெடுகப் பேரப் பிள்ளைகளின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். அவர் இறங்கும்போது எனக்குத் துளியும் வருத்தமில்லை.

என்னைத் தோற்கடித்தவரோடு ஒரே வண்டியில் சிரித்துக்கொண்டே வீடு திரும்பிய அந்த மாலையைத்தான் அவர் நினைவாக நான் வைத்திருக்கிறேன்.