காருக்கு ஆறவைத்த தண்ணீர்

மந்தாரக்குப்பம் மெக்கானிக் அப்பாவின் பழைய காரில் ரேடியேட்டரைத் திறந்தார். உள்ளே ஒரே துரு.

"இந்த வண்டிக்குப் பச்சை கூலன்ட்தாங்க. சிவப்பு ஊத்துனா கெட்டுடும்," என்று பக்கத்திலிருந்த பச்சை, சிவப்பு கேன்களைக் காட்டினார்.

அந்தக் காருக்கென்றே அப்பா குவார்ட்டர்ஸ் சமையலறையில் தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைப்பார். எங்களுக்கு வெறும் குழாய்த் தண்ணீர்தான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் முதலில் காரின் பானட்டைத்தான் தடவுவார். எனக்கு வயிறெரியும். அவர் குளிக்கப் போனதும் ஆறிய தண்ணீரைக் குடித்துவிட்டு, பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைப்பேன்.

"வருசக்கணக்கா குழாய்த் தண்ணி ஊத்திக்கினு இருந்திருக்கீங்க," என்றார் மெக்கானிக்.

"காய்ச்சின தண்ணிதானே ஊத்தினேன்," என்ற அப்பா, காரின் பானட்டைத் தடவினார். "பாவம்மா நீ."

என்னிடம் அவர் அப்படிப் பேசியதேயில்லை. மெக்கானிக் கூலன்ட் கேட்க, என் கை சிவப்பு கேனை எடுத்து நீட்டியது.