தவறிட்டாக

அம்மா வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்க, நான் சமுதாயக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசுவது எப்படி என்று பாடம் படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். கீழத்தெருக்காரர்களான எங்களுக்குச் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தக் கரையில். நல்ல பாதை ஒன்று மேலத்தெருக்காரர் மல்லிகைத் தோட்டத்தை ஒட்டிப் போகிறது. அதில் நாங்கள் பூ எடுக்கப் போகலாம், பிணமாகப் போகக்கூடாது. அப்பாவை இடுப்பளவுத் தண்ணீரில்தான் தூக்கிப்போனார்கள். பாடை சரிந்து அவர் கால் நனைந்ததைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு அதே பயம். "என்னையத் தண்ணியில நனைச்சிராத புள்ள" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போன அன்று வாய்க்கால் கழுத்தளவு ஓடியது.

இரண்டு தெருவும் கம்பெடுக்க இருந்த நேரத்தில், அதிகாரிகள் திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மாளை வரவழைத்தார்கள். சண்டைக்காரர்களை உட்காரவைத்துப் பேசவைப்பது அவர் வேலை. ஒரே ஒரு விதி வைத்தார். ஒருவர் பேசியதை எதிர்த்தரப்பு அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் பதில்.

மேலத்தெருத் தோட்டக்காரர் முதலில் பேசினார். பக்கத்தில் அவர் மகன்.

"பொணம் போற பாதையில பூத்த பூ சாமிக்கு ஆகாது."

அம்மாவுக்கு ஒரே பிள்ளை நான். அதனால் நான்தான் திருப்பிச் சொல்லவேண்டும். "எங்கம்மா பொணம் போனா, இவுக பூ சாமிக்கு ஆகாது" என்றேன்.

"ரொம்ப நல்லாக் கவனிச்சிருக்கீங்க" என்று பாராட்டினார் அந்த அம்மாள். அடி செருப்பால என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பூவை அத்தனை வருஷமும் எடுத்தது யார் கை?

என் முறை வந்தது. "இவுக தோட்டத்துல பூ எடுத்த எங்கம்மா தவறிட்டாக. அவுகளை நனையாமக் கொண்டுபோகணும்."

தோட்டக்காரர் தொண்டையைச் செருமினார். "இவ ஆத்தா செத்துப்போச்சு. அதை நனையாமக் கொண்டுபோகணுமாம்."

வீட்டில் நாங்களும் 'அம்மா வந்துச்சு, அம்மா சொல்லுச்சு' என்றுதான் பேசுவோம். அது பாசம். அவர் வாயில் வந்தது மாட்டுக்குச் சொல்வது.

"அப்படியே சொல்லணும் ஐயா. தவறிட்டாக" என்றார் அந்த அம்மாள்.

"தவறிருச்சு."

"தவறிட்டாக."

"தவறி..." அதோடு நின்றுவிட்டது. அவர் நெற்றியெல்லாம் வேர்வை. மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பாதைதானே? எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைங்க! அந்த வார்த்தை மட்டும் என் வாயில வராது."

அந்த அம்மாள் கை தட்டினார். அவருக்கு அது வெற்றி. எனக்கு இல்லை. எங்கள் அம்மாவுக்கு ஒரு மரியாதைச் சொல் கொடுப்பதைவிட, தலைமுறை தலைமுறையாகக் காத்த பாதையைக் கொடுப்பது அந்த மனுஷனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறதே! வார்த்தையையும் சொல்லிவிட்டுப் போ என்று பிடிவாதம் பிடித்திருப்பேன். ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா நனையாமல் போனாள். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லையென்பதால் தெருமுனையில் நின்று, பாடை மல்லிகைத் தோட்டத்தைத் தாண்டும்வரை பார்த்தேன்.

இந்த வருஷம் ஒருநாள் காலையில் திண்டுக்கல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தோட்டக்காரர் மகன் வண்டியை நிறுத்தினான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, அப்பா தவறிட்டாக."

அம்மா இருந்திருந்தால் என் வாயிலேயே போட்டிருப்பாள். இல்லையே!

"செத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்குக் கூடத்தில் இருந்தவன்தானே, விதி அவனுக்கும் தெரியும்.

"ஆமாக்கா" என்றான். "செத்துப்போச்சு."