அழுத்தக்காரி, என் மருமகள்

என் மருமகளுக்கு அழுத்தக்காரி என்று பெயர் வைத்தவனே நான்தான். என் செருப்புப் பட்டறையில் மேல்தோல் தைக்க வந்தவள். தையல் ஒரு நூல் விலகினால் போதும், நானே பரவாயில்லை என்றாலும் வாய் திறக்காமல் பிரித்துத் திரும்பத் தைப்பாள். வைதால் பதில் வராது, வேலையும் மாறாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று முப்பது பேருக்கு வேலை கொடுக்கிறவன். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். இவள்தான் என் பையனுக்கு என்று முடிவு செய்ததும் நானே. அவனைக் கேட்டேனா என்பது நினைவில்லை.

அவர்களுக்குப் பிறந்த பெண்குழந்தைக்கு நாலாம் மாதம் மூச்சு இரைத்தது. நெஞ்சில் கோளாறு என்று போனோம். கோளாறு தலையில் இருந்தது. மூளைக்குள் போகிற ரத்தம், நடுவில் இருக்கவேண்டிய நுண்குழாய்கள் இல்லாமல், திரும்பி வருகிற குழாயில் நேராகக் கொட்டுகிறதாம். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தே இதயம் களைத்துப்போகிறது. மண்டையைத் திறக்கவேண்டாம், தொடையில் ஊசித்துளை போட்டு மயிரிழைக் குழாயை மூளைவரை ஏற்றி, பசை விட்டு அடைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

பசை என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. நாற்பது வருஷமாக அதோடு புழங்குகிறவன். உறைவதற்குள் வெளியே உருவி எடுக்காவிட்டால் குழாயும் உள்ளேயே ஒட்டிக்கொள்ளுமே என்று கேட்டேன். டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பி, எங்கள் பயமும் அதுதான் என்றார். அவரை அப்படித் திரும்பவைத்தவன் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் ஒரே நாளில் முடிக்கமாட்டாராம். அடைக்கவேண்டியது நாலு குழாய். இரண்டை இப்போது, மீதியை இரண்டு மாதம் கழித்து, தேவைப்பட்டால் மூன்றாவது தடவையும். ஒரேயடியாக அடைத்தால் ஓட்டம் மாறின வேகத்தில் மூளையில் ரத்தம் கசிந்துவிடலாம் என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. பாதி ஒட்டின செருப்பு என் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. பச்சைக்குழந்தைக்கு எத்தனை தடவை மயக்கமருந்து கொடுப்பது? ஒரே தடவையில் முடியுங்கள், இல்லாவிட்டால் முடிக்கிற இடத்துக்குப் போகிறோம் என்றேன். என் பையன் என்னைப் பார்த்தான், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடினான். என்னை எதிர்த்து அவனுக்குப் பழக்கமில்லை.

மருமகள் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

"ஒரே தடவைல முடிஞ்சா நிம்மதி நமக்குத்தான் மாமா. அவளுக்கு இல்ல."

"திரும்பத் திரும்ப உள்ள அனுப்பணும். தாங்குவியா நீ?"

"தாங்கமாட்டேன். அதுக்காக அவசரப்பட முடியுமா?"

கையெழுத்துப் போட்டாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் என்னிடம் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

முதல் தடவை நாங்கள் காத்திருந்த அறைக்கு ஜன்னல் இல்லை. நாற்காலிகளைத் தரையோடு முடுக்கியிருந்தார்கள், நகர்த்திப் போட்டுக்கொள்ளக்கூட வழியில்லை. வெளியே போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று தண்ணீருக்கும் எழுந்திருக்கவில்லை. ஐந்து மணி நேரம். என் குரலுக்கு நடுங்குகிற ஒரு ஆள் அங்கே கிடையாது. இரண்டு குழாயை அடைத்தாயிற்று, இத்தோடு நிறுத்திக்கொண்டோம் என்று டாக்டர் வந்து சொன்னார். மூச்சு இரைப்பு குறைந்தது. ஆனால் மீதி இரண்டும் தலைக்குள் இருக்கிறதே? இரண்டு மாதம் வீட்டில் தும்மக்கூடப் பயந்தோம். அவள் குழந்தையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே தூங்கினாள்.

இரண்டாவது தடவை, நாலு மணி நேரம் முன்பே பாலை நிறுத்தச் சொன்னார்கள். பெற்றவள் தூக்கினால் பால் வாடைக்குக் குழந்தை இன்னும் அலறியது. பையன் படிவத்தோடு வரிசையில் நின்றான். அவள் குழந்தையை என் கையில் வைத்தாள்.

"உங்ககிட்டதான் பால் வாடை இல்ல மாமா."

சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். அந்த நடைபாதை எனக்குப் பதினாலு எட்டு வைக்கிற தூரம். எத்தனை தடவை நடந்தேனோ. நர்ஸ் வந்து கையை நீட்டியபோது கொடுக்க மனம் வரவில்லை. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது, கையை மார்புக்குக் குறுக்கே வைத்திருந்தாள். தலையை ஒரு தரம் அசைத்தாள். கொடுத்தேன்.

அன்று ஒன்றைத்தான் அடைத்தார்கள். இன்னும் ஒன்று பாக்கி. தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பட்டறை திறக்காது என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.