மூட்டைச்சாமிக்குக் குரல் கொடுத்தவர்

போன கிழமை ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. "மாரியண்ணே போயிட்டாரு, கிளாக்கரையா," என்றாள் ராசம்மா. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். மாரிமுத்துவுக்கு ஒரே லயத்து வரிசையில் அடுத்த வீடு. பிறகு, "கடையில பொம்மையெல்லாம் அப்படியே கெடக்கு ஐயா," என்றாள். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே மாரிமுத்து வைத்திருந்த பொம்மைக் கடையைச் சொன்னாள். அங்கே பொம்மை வாங்கியவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் வாங்கிய பொம்மையின் கதை அந்தக் கடைக்கும் முந்தியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் கிளாக்கர். மாரிமுத்து கொழுந்து லொறி ஓட்டினார். லயத்து ஆட்கள் சேர்ந்து வாங்கிய பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை அவர்தான் லொறியில் ஏற்றி வந்தார். வழியில் தோட்டத்துப் பாதை அதன் குரலைப் பறித்துக்கொண்டது. படத்தை மட்டும் விட்டுவைத்தது. பெட்டரி போட்டு, ஞாயிறு மாலைகளில் ஆங்கிலக் கார்ட்டூன் ஒன்று பார்த்தோம். பேசாத பெட்டியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? மாரிமுத்து அதன் பக்கத்தில் நின்று கதை சொல்லத் தொடங்கினார். குரல் போனது தன் லொறியில்தானே என்ற கடமையுணர்ச்சியாகவும் இருக்கலாம்.

கார்ட்டூனில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவன் அரைக்காற்சட்டையும் தொப்பியும் போட்டு, வாகனத்தில் வந்திறங்கி, கையை நீட்டி நீட்டிப் பேசுவான். மற்றது ஓர் இரும்புப் பூதம். முதுகில் பெரிய மூட்டையோடு, கொழுந்துக் கூடை சுமப்பவர்களைப் போல மலையேறிக்கொண்டே இருக்கும். இவர்களில் நல்லவர் யார் என்பதில் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பூதத்துக்கு மூட்டைச்சாமி என்றும் தொப்பிக்காரனுக்கு, எங்கள் தோட்டத்து உதவி மேலாளரின் பட்டமான சின்னத்துரை என்றும் மாரிமுத்து பெயர் வைத்தார். அந்த மூட்டை உலகத்தின் வெளிச்சத்தையெல்லாம் திருடிக் கட்டியது என்பது குரல் உள்ள பெட்டி வைத்திருந்தவர்களுக்கே தெரியும். ஒருநாள், பூதம்தான் கெட்டவனோ என்று நான் மெல்லச் சந்தேகம் எழுப்பினேன்.

"கிளாக்கரையா தொரை கட்சிதானே, அப்புடித்தான் சொல்வாரு," என்றாள் ராசம்மா.

அன்றோடு என் விமர்சனப் பணி முடிந்தது.

பல ஆண்டுகள் கழித்து அந்தக் கார்ட்டூனைத் தூசி தட்டித் திரைப்படமாக்கினார்கள். அன்று பார்த்தவர்களுக்கு இப்போது பிள்ளைகள் இருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பொம்மை வேண்டும் என்று எங்கோ யாரோ யோசித்திருக்கிறார்கள். படத்துக்கு முன்பே பொம்மைகள் பதுளைக்கு வந்துவிட்டன; எதற்காக எது பிறந்தது என்பதில் குழப்பமே இல்லை. மாரிமுத்து அப்போது லொறியை விட்டுக் கடை வைத்திருந்தார். மூட்டைச்சாமிகளை வாங்கி அடுக்கிவிட்டு, பொம்மைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். படித்தேன்.

"மூட்டையைக் கழற்றி மாட்டலாமாம்."

"சரி. அதுக்குக் கீழ?"

"உலகத்தின் எதிரியாம்."

"யாரு சொன்னது?"

"செய்தவங்களே சொல்லுறாங்கள், மாரி."

அவர் பெட்டியைத் திருப்பி வைத்தார். "படம் தமிழ்ல பேசுதாம் ஐயா. தோட்டமே பாக்க வருது. இத்தன வருசம் எல்லாரையும் ஏமாத்திட்டேனே. இனி ராசம்மா மூஞ்சியில எப்புடி முழிப்பேன்?"

பொம்மை விற்காமல் போகும் என்ற கவலையும் இருந்திருக்கவேண்டும். அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

படம் பார்க்கப் போனோம். கடைசி வரிசையில் வாசலுக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டார், ஓட வசதியாக. திரையில் மூட்டைச்சாமி அழகான தமிழில் தன் திருட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மாரிமுத்து தலை குனிந்திருந்தார். முடிவில் சின்னத்துரை சுட்டான். மூட்டை உருண்டது, பூதம் பாறையில் சாய்ந்தது. உலகம் காப்பாற்றப்பட்டது. ஒருவரும் கைதட்டவில்லை.

முன்னாலிருந்து ராசம்மா எழுந்தாள். "இவனுங்களுக்குக் கதயே தெரியல! மாரியண்ணே, எங்க இருக்கீங்க? நீங்க சொல்லுங்க!"

"ஆமாண்ணே, சொல்லுங்க!" என்று நாலா பக்கமும் குரல்.

மாரிமுத்து எழுந்தார். வாசல் பக்கம் போகவில்லை. "அவரு சாகல, ராசம்மா," என்றார். "மூட்டைய எறக்கி வச்சிட்டுச் சாஞ்சிருக்காரு. அம்புட்டுத்தான்."

அப்போதுதான் கைதட்டினார்கள்.

மூட்டைச்சாமிகள் வேகமாகத் தீர்ந்தன. மொத்த வியாபாரி கூடவே தலையில் கட்டிய சின்னத்துரைகள் கடை வாசலில் கயிற்றில் தொங்கி வெளிறின. "தொரைய வீட்டுல வச்சு யாரு சோறு போடுறது?" என்பார் மாரிமுத்து. இன்னொன்றும் சொல்வார்: "மூட்ட தூக்குறவன் திருடனாவும் இருக்கலாம் ஐயா. ஆனா அத தொப்பி போட்டவன் வந்து சொன்னா, ஒருக்கா விசாரிக்கணும்." செய்தித்தாள் படிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

அவர் தந்த மூட்டைச்சாமி ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதன் மூட்டையைப் போன கிழமை வரை நான் கழற்றியதில்லை. ராசம்மா தொலைபேசியில் பேசி முடித்ததும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். பூதத்தைச் சுவரோடு சாய்த்தேன். செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்திருக்கமாட்டார்கள். ஆனாலும் நன்றாகவே சாய்ந்துகொண்டது.