வெர்லீனின் கிழிந்த ஸ்பீக்கர்

வட மிசிசிப்பியில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் முப்பது வருடமாக ஆணியடித்து வந்தவள் வெர்லீன் ஸ்டர்டிவன்ட். ஞாயிறு மதியங்களில், ஆட்டை நெருப்பில் வாட்டும் விருந்துகளில், மின்சாரக் கிட்டாரோடு ப்ளூஸ் பாடுவாள். மெட்டு மாறாது, தாளம் மாறாது. ஆடுகிறவர்கள் களைத்தால்தான் பாட்டு முடியும். தன் பெயர் போட்டு ஒரு இசைத்தட்டு வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஐம்பத்தெட்டாவது வயதில், பதிவு செய்ய வருகிறோம் என்று மெம்பிஸிலிருந்து கடிதம் வந்தது.

அவளுடைய கிட்டார்ப் பெட்டியின் ஸ்பீக்கர் காகிதத்தில் ஒரு கிழிசல். பாட்டை நிறுத்தச் சொல்லி, புருஷன் லூதர் பூட்ஸ் காலால் உதைத்ததில் வந்தது. அவன் செத்துப் பதினோரு வருடமாகியும் அந்த உதை ஓயவில்லை. அவள் வாசிக்கும்போதெல்லாம் கரகரத்தது. விருந்தாளி முன் அந்த அவமானம் எதற்கு? புதிது மாட்டினாள். பழையதைக் கொல்லையில் கொளுத்தினாள்.

மெம்பிஸிலிருந்து, பங்க் என்ற இரைச்சல் இசைக்குழு வைத்திருந்த டீக்கும், டிரம்ஸ் அடிக்கும் ராபினும் வந்தார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் டீக்கின் முகம் வெளுத்துவிட்டது.

"மிஸ் வெர்லீன், அந்த இரைச்சல் எங்க?"

"எரிச்சுட்டேன்ப்பா. வீட்டுக்கு ஆள் வந்தா நல்லதா வைக்க வேணாமா?"

"ஐயோ. விருந்துல யாரோ பதிஞ்ச உங்க கேசட் எங்க ஊர் பூரா சுத்துது. அந்தச் சத்தத்துக்காகவே நாங்க புது ஸ்பீக்கரை பிளேடால கிழிச்சுக்கறோம்."

வெர்லீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நல்ல ஸ்பீக்கரையா? உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்க காதுல பஞ்சு வச்சுட்டாங்க," என்றாள் ராபின்.

"அது பாட்டு இல்ல, புள்ளைங்களா. என் புருஷன் விட்ட உதை."

தன் பாட்டு வாங்கிய உதையை ஒரு ஊரே ஆசையாய்ப் பழகியிருக்கிறது என்று நினைக்க வெர்லீனுக்கு அருவருப்பாக இருந்தது.

டீக் தயங்கித் தயங்கி பிளேடை எடுத்தான். "மன்னிச்சுக்குங்க. ஆனா அந்த இரைச்சல் இல்லாம தட்டு வராது. நான் கிழிக்கட்டுமா?"

"அதை உள்ள வை. என் பெட்டி மேல இனி எந்த ஆம்பளையும் கை வைக்கக் கூடாது."

அவன் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினான். உள்ளே போன வெர்லீன் தொழிற்சாலை பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். புது ஸ்பீக்கரில் ஓங்கி ஒரு உதை. கிட்டாரை எடுத்துக் கம்பியைத் தொட்டாள். லூதருடையது கரகரத்தது, இது உறுமியது. இவ்வளவு கோபமா எனக்குள் என்று அவளே திகைத்தாள்.

"பதிவு பண்ணு," என்றாள். "யார் உதைச்சதுன்னு தட்டுல போடு. பேரை எழுத்துப் பிழை இல்லாம போடு."